கொத்தவரைப் பசைக்கு ஒரு பட்டப்படிப்பா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். கொத்தவரை விதைப் பசையைப் போட்டுத் தாதுவைப் பிரிக்கும் வேலைக்குப் போவேன் என்கிறாளாம் மகள். "இதுக்கெல்லாம் யார் சார் சம்பளம் கொடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் நுரை மிதப்பு முறையை அவள் படித்திருப்பாள். பொடித்த தாதுவை நீரில் கலக்கிக் காற்றை ஊதினால், நீர் ஒட்டாத துகள் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும், நனைந்த துகள் கீழேயே தங்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினத் தாதுவில் டால்க்கும் கலந்திருக்கும். நம் முகப்பவுடரில் இருக்குமே, அதே கல்தான். அதிலும் நீர் ஒட்டாது, அதனால் கூடவே நுரையில் ஏறிவிடும். கொத்தவரைப் பசையைச் சேர்த்தால் அது டால்க் மேல் படிந்து, அதை நனைய வைத்துக் கீழே நிறுத்திவிடும். பிரேசிலில் மக்காச்சோள மாவு இரும்புத் தாதுவைக் கீழே பிடித்துவைக்க, அதில் கலந்த மணல் (சிலிக்கா) மட்டும் மிதந்து வெளியேறுகிறது. ஈயத்திலிருந்து துத்தநாகத்தைப் பிரிக்கப் பாடப்புத்தகம் சொல்லும் சோடியம் சயனைடுக்கும் செடிகொடியில் மாற்று தேடுகிறார்கள்.

பசை கொஞ்சம் கூடினால் வேண்டிய கனிமமும் மூழ்கிவிடும். விளைச்சலுக்கு விளைச்சல் பசையின் தரமும் மாறும். சோதித்துப் பார்த்துச் சரியான அளவைச் சொல்பவருக்குத்தான் அந்தச் சம்பளம்.

இதற்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். உலோகவியல் பொறியியல் எடுக்கட்டும். ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வந்தால் திருச்சி என்.ஐ.டி., இல்லாவிட்டால் கலந்தாய்வில் கோவை பி.எஸ்.ஜி. அல்லது சேலம் அரசு பொறியியல் கல்லூரி. என்னைக் கேட்டால் சேலமே போதும். அப்புறம் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதி, தன்பாத் ஐ.ஐ.டி. போன்ற இடத்தில் கனிமப் பொறியியலைப் பிடித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டை விட்டு நகரமாட்டேன் என்றால் மட்டும் யோசியுங்கள். சென்னை தரமணியில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் மையமும், சிவகங்கையில் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் ஆலையும் இருக்கின்றன. ஆனால் பெரிய ஆலைகள் ராஜஸ்தானின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களை ஒட்டித்தான். வெயில், ஷிப்ட், ரசாயன நாற்றம் எல்லாம் உண்டு.

"பெண்பிள்ளையைச் சுரங்கத்துக்குள் அனுப்புவதா" என்ற பயம் வேண்டாம். மிதப்பு ஆலை தரைக்கு மேலேதான் இருக்கும். நிலத்தடிச் சுரங்கத்திலேயே 2019 முதல் சில நிபந்தனைகளோடு பெண்கள் வேலை பார்க்கலாம்.

கலந்தாய்வு விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். சேலத்தை எத்தனையாவது இடத்தில் போட்டிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.