திறந்து பார்க்கும் அறிவியல் புத்தகம்: சாதாரணப் படப் புத்தகத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கெட்டி அட்டைப் பக்கங்களில் படத்தின் மேல் சிறு காகித மடிப்புகளை ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதைத் தூக்கினால் உள்ளே இருப்பது தெரியும். விதைக்குள் முளை, மண்ணுக்கடியில் வேர், சட்டைக்குள் விலா எலும்பு. இதுதான் திறந்து பார்க்கும் அறிவியல் புத்தகம்.

ஏன் இப்படி? அறிவியலில் பல விஷயங்கள் கண்ணுக்கு மறைவாகவே நடக்கின்றன. "உள்ளே இருக்கிறது" என்று வாயால் சொன்னால் மூன்று வயதுக்குப் புரியாது. கையால் திறந்தால் புரிந்துவிடும். வேர்க்கடலை உரிக்கும்போது "உள்ளே எத்தனை பருப்பு, சொல்லு?" என்று கேட்டுவிட்டு உடைப்போமே, அதேதான். திறப்பதற்கு முந்தைய அந்த ஒரு நொடி ஊகம்தான், என்னைக் கேட்டால், முழுப் புத்தகத்தின் மதிப்பும். அதனால் மடிப்பை நீங்களே தூக்கிக் காட்டிவிடாதீர்கள், கேளுங்கள், காத்திருங்கள்.

இந்த உத்தி பெரியவர்களுக்காகப் பிறந்தது. 1543-ல் வெசாலியஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர் தன் உடற்கூறு நூலில், வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் உறுப்புப் படங்களைக் கொடுத்தார். 1570-ல் லண்டனில் அச்சான, பழங்கால கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலில், தூக்கி நிறுத்தினால் பிரமிடாகும் காகிதத் துண்டுகள் இருந்தன.

தூக்கும் மடிப்பும் இழுக்கும் காகிதப் பட்டையும் அதிகமானால் குழந்தை அதிகம் கற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், விரிந்தெழும் படப் புத்தகத்தைவிடச் சாதாரணப் புகைப்படப் புத்தகத்திலிருந்தே சின்னக் குழந்தைகள் அதிகம் கற்றார்கள்.