கொலம்பஸில் முதல் ஆட்டம்: டெக்சஸ் அணி பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வரும் சனிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 30, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான லாங்ஹார்ன்ஸ் இந்த சீசனின் முதல் ஆட்டத்தை, கொலம்பஸ் நகரில் இருக்கும் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் சொந்த மைதானத்தில் ஆடுகிறது. ஆஸ்டினில் இருக்கும் நம் ஆட்கள் ஒரு வாரமாக என்னிடம் இதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த அணியை நான் இருபது வருடங்களாக ஓர் ஆட்டம் விடாமல் பார்த்துவருகிறேன். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் புதிது. தங்கச்சி இந்த வருடம்தான் டெக்சஸில் சேர்ந்திருக்கிறாள். ஆட்டம் புரிய எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

ஒன்றே ஒன்று போதும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படியே நகர்ந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளிகள். அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொரு புள்ளி. தாண்ட முடியாது என்று தோன்றினால் நான்காவது வாய்ப்பில் தூரத்திலிருந்தே உதைத்து மூன்று புள்ளிகள் எடுக்கலாம். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து பேர் அஃபென்சிவ் லைன். இந்த ஐந்து பேரை நினைவில் வையுங்கள், கீழே அடிக்கடி வருவார்கள்.

நாடு முழுக்க நம் புதிய குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் பேச்சாகவே இருக்கிறது. இரண்டே ஆட்டங்களைத் தொடங்கிய (ஆரம்பத்திலிருந்தே களமிறங்கிய) பையனுக்கு இவ்வளவு புகழ் நியாயமா?

பெயரால் வந்த புகழ் பாதி என்பதை மறுக்க மாட்டேன். தாத்தா ஆர்ச்சி மேனிங், சித்தப்பாக்கள் பெய்ட்டன், ஈலை, மூவருமே என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் ஆடிய குவார்ட்டர்பேக்குகள். பெய்ட்டனும் ஈலையும் ஆளுக்கு இரண்டு சூப்பர் பவுல் (அந்த லீக்கின் இறுதி ஆட்டம்) வென்றவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை நியூ ஆர்லியன்ஸில் பள்ளியில் படித்தபோதே எல்லாப் பெரிய கல்லூரிகளும் வாசலில் வந்து நின்றன.

ஆனால் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்ததற்குக் காரணம் வேறு. 2023இல் சேர்ந்தவர், இரண்டு வருடம் அப்போதைய முதல் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தார். இன்றைய நிலையில் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தாலே பிள்ளைகள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்து வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். இவர் போகவில்லை.

ஆடிய வரைக்கும் நன்றாகவே ஆடினார். 2024 செப்டம்பரில் யூவர்ஸ் காயம்பட்டபோது யூ.டி.எஸ்.ஏ. அணிக்கு எதிராக உள்ளே வந்து 67 யார்டு ஓடி டச் டவுன் போட்டதை மைதானத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த சீசனில் மொத்தம் 939 யார்டு எறிந்தார், ஒன்பது டச் டவுன் பாஸ். ஆனால் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டங்கள் லூசியானா மன்ரோவுக்கும் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் எதிரானவை, இரண்டும் ஆஸ்டினில் நடந்தவை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான எதிரணி ரசிகர்கள் கத்தும் மைதானத்தில் அவர் ஆட்டத்தைத் தொடங்குவது இதுவே முதல் முறை. முதல் பாதியில் தடுமாறினால் ஆச்சரியப்படாதீர்கள், அதை வைத்து அவரை எடை போட்டுவிடவும் வேண்டாம்.

அப்படியென்றால் அணியின் தலையெழுத்து ஆர்ச் கையில் இல்லையா? நீங்கள் எதைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள் சார்?

அந்த ஐந்து பேரைப் பார்த்துத்தான்.

கடந்த இரண்டு சீசன்கள் எப்படி முடிந்தன என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஜனவரி 1, சுகர் பவுல் என்ற தேசிய சாம்பியன்ஷிப் அரையிறுதி, வாஷிங்டனிடம் 37-31 தோல்வி. கடைசி நொடிகளில் எண்ட் சோனுக்கு (டச் டவுன் போடும் பகுதி) அருகே வந்து நின்றோம், எறிந்த பாஸ் எதுவும் கைகூடவில்லை. 2025 ஜனவரி 10, காட்டன் பவுல் அரையிறுதி, இதே ஓஹையோ ஸ்டேட். 21-14 என்று பின்தங்கியிருந்தபோது பந்து அவர்கள் கோட்டிலிருந்து ஒரே ஒரு யார்டில். நான்கு வாய்ப்புகள் கையில். முதல் வாய்ப்பில் நேராக இடித்தும் நகர முடியவில்லை. அடுத்ததில் பந்தைப் பக்கவாட்டில் பந்தோடு ஓடுபவரான விஸ்னருக்கு வீசினார்கள், ஏழு யார்டு பின்னால் போனது. நான்காவது வாய்ப்பில் அவர்களுடைய ஜாக் சாயர் யூவர்ஸை அடித்துப் பந்தைப் பிடுங்கி 83 யார்டு ஓடிவிட்டார். 28-14. சாயரும் யூவர்ஸும் 2021இல் ஓஹையோ ஸ்டேட்டில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் என்பது மனதை இன்னும் பிசைந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஒரு யார்டைத் தள்ளித் திறக்க வேண்டியது அஃபென்சிவ் லைன். அதிலிருந்த ஐந்து பேரில் நான்கு பேர் இப்போது இல்லை. கெல்வின் பேங்க்ஸ், என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் ஒன்பதாவது ஆளாக நியூ ஆர்லியன்ஸ் சென்ட்ஸ் அணிக்குப் போனார். மிஞ்சியிருப்பவர் டி.ஜே. கேம்ப்பெல் மட்டும். பேங்க்ஸ் இடத்தில் வரப்போகும் ட்ரெவர் கூஸ்பிமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. டிசம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிரான எஸ்.இ.சி. (நம் அணி ஆடும் பிரிவு) இறுதி ஆட்டத்தில் பேங்க்ஸ் காயத்தால் விலகியபோது இவர்தான் அந்த இடத்தில் நின்றார், தாக்குப்பிடித்தார். மற்ற மூன்று இடங்களில் வருபவர்களும் கோச் கைல் ஃப்ளட் வளர்த்த பிள்ளைகள். ஆனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே மூச்சாக நகரும் பழக்கம் பயிற்சியில் மட்டும் வருவதில்லை, நான்கைந்து ஆட்டங்களாவது ஆக வேண்டும். நமக்கு அந்த அவகாசம் இல்லை, முதல் ஆட்டமே பெரிய ஆட்டம்.

ஓஹையோ ஸ்டேட் சாம்பியன் அணியாயிற்றே, அவர்கள் பழைய பலத்தோடு இருக்கிறார்களா?

இல்லை, நமக்கு ஆறுதலான விஷயம் இதுதான். ஜனவரி 20 அன்று நோட்ரே டேமை 34-23 என்று வென்று கோப்பை தூக்கிய அணியிலிருந்து 14 பேர் என்.எஃப்.எல். தேர்வில் போய்விட்டார்கள். டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) முன்வரிசையில் தொடங்கிய நான்கு பேருமே அதில் அடக்கம், சாயர் உட்பட. ஆக நம் புதிய ஐந்து பேருக்கு எதிரே நிற்கப்போகிறவர்களும் அந்த இடத்துக்குப் புதியவர்களே. குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயினுக்கும் கல்லூரியில் தொடங்கும் முதல் ஆட்டம் இது. அந்த வகையில் ஆர்ச்சைவிட அனுபவம் குறைந்தவர்.

மிஞ்சியிருப்பவர்களில் இரண்டு பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டும். ஒருவர் எறிந்த பந்தைப் பிடிக்கும் ஜெரமையா ஸ்மித். முதல் வருடத்திலேயே 1,315 யார்டு, 15 டச் டவுன் கேட்ச். காட்டன் பவுலில் மட்டும் அவரை ஒரே கேட்ச், மூன்று யார்டோடு நிறுத்தினோம். அன்று நம் டிஃபென்ஸில் இருந்த ஜாடே பாரன் இப்போது என்.எஃப்.எல்.-இன் டென்வர் அணியில். இன்னொருவர் சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) கேலெப் டவுன்ஸ். குவார்ட்டர்பேக் எங்கே எறியப்போகிறார் என்பதை எறிவதற்கு முன்பே படித்துவிடுவார், புதிய குவார்ட்டர்பேக்குக்கு அவரைப் போல ஆபத்தானவர் கிடையாது.

அப்புறம் மேட் பட்ரீசியா. ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போனதும் டிஃபென்ஸ் பொறுப்புக்கு வந்திருக்கிறார், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் பல வருடம் அதே வேலை பார்த்தவர். இந்தப் பிள்ளைகளை வைத்து அவர் எப்படி ஆடுவார் என்று பார்த்துப் படிக்க ஒரு வீடியோகூட யாரிடமும் கிடையாது. நம் கோச் ஸ்டீவ் சார்கீசியன் ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் பதினைந்து இருபது நகர்வுகளை முன்கூட்டியே எழுதி வைத்து ஆடுபவர். எதிரே என்ன வரும் என்று தெரியாமல் எழுதுவது அவருக்கே கஷ்டமாக இருக்கும்.

நம் டிஃபென்ஸ் எப்படி?

அணியின் பெரிய பலம் அதுதான். காலின் சிம்மன்ஸ் முதல் வருடத்திலேயே ஒன்பது சாக் (எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தவர். ஆன்தனி ஹில் 113 டாக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது). நடுவில் நின்ற ஆல்ஃபிரட் காலின்ஸும் வெர்னான் ப்ராட்டனும் போனதுதான் ஓட்டை. அதை அடைக்க டிரான்ஸ்ஃபரில் கனமான ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவரான ஹீரோ கானு ஓஹையோ ஸ்டேட்டிலிருந்தே வந்தவர். சேயின் முதல் இரண்டு முறை பந்தைப் பிடிக்கும்போதே சிம்மன்ஸ் அவர் முகத்துக்கு நேரே நின்றால் ஆட்டம் நம் பக்கம் சாயும்.

என் மகன் ஹைஸ்கூலில் ஃபுட்பால் ஆடுகிறான். ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் வழியே இல்லை என்கிறார்கள். உண்மையா?

இல்லை அம்மா. மைக்கேல் டாஃப் கதையை மகனிடம் சொல்லுங்கள். நம் ஊர் வெஸ்ட்லேக் பள்ளியில் படித்தவர். 2021இல் டெக்சஸுக்கு வந்தபோது ஸ்காலர்ஷிப் இல்லை, வாக் ஆன் என்பார்கள், தானாக வந்து அணியில் இடம் கேட்பவர். இன்று டிஃபென்ஸின் மூளை அவர்தான். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: 2025 முதல் புதிய ஏற்பாட்டில் ஓர் அணிக்கு 105 பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதனால் வாக் ஆன் இடங்கள் முன்பைவிடக் குறைவு. படிப்பில் பிடி விடாமல் இருக்கட்டும்.

மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களாமே?

2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு 2025-26 ஆண்டுக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் உச்சவரம்பு. நான் இதை வரவேற்கிறேன். ஒரு லட்சம் பேர் காசு கொடுத்து வந்து பார்க்கும் ஆட்டத்தில் முழங்காலைப் பணயம் வைப்பவர்கள் அந்தப் பிள்ளைகள். சி.ஜே. பேக்ஸ்டரைப் பாருங்கள், முழங்கால் காயத்தால் 2024 சீசன் முழுவதையும் இழந்தார். இப்போதுதான் திரும்பி வருகிறார். அவர் முதல் முறை பந்தோடு ஓடும்போது என் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்போம்.

கிக்கர் (பந்தை உதைப்பவர்) பிரச்சினை தீர்ந்ததா?

கடந்த சீசனின் பெரிய ஆட்டங்களில் உதைகள் தவறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது பக்கத்து ஊர் சான் மார்க்கோஸிலிருந்து, டெக்சஸ் ஸ்டேட் கல்லூரியின் மேசன் ஷிப்லி வந்திருக்கிறார். நெருக்கமான ஆட்டம் என்றால் இவர் காலில்தான் முடியும்.

முதல் ஆட்டத்தில் தோற்றால் சீசன் போய்விடுமா? முதல் இடத்தில் வேறு இருக்கிறோம்.

போகாது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடும் ஏ.பி. தரவரிசைப் பட்டியலில் சீசனுக்கு முன்பே டெக்சஸ் முதலிடம் பெறுவது வரலாற்றில் இதுவே முதல் முறை, பென் ஸ்டேட்டை மிகச் சிறிய வித்தியாசத்தில் முந்தி. சந்தோஷம்தான், ஆனால் அது இன்னும் யாரும் ஆடாத நேரத்தில் போட்ட ஓட்டு. 12 அணிகள் பிளே ஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள்) போகும் முறை வந்த பிறகு ஒரு தோல்வி யாரையும் வெளியேற்றுவதில்லை. கடந்த ஆண்டு ஓஹையோ ஸ்டேட் ஆரிகனிடம் தோற்றது, பிறகு சொந்த மைதானத்திலேயே மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது, அப்புறமும் சாம்பியன் ஆனது.

எனக்கு இதைவிடப் பெரிய நாள் நவம்பர் 15, ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில். போன சீசனில் நாம் தோற்றது மூன்றே ஆட்டங்கள்: ஜார்ஜியாவிடம் இரண்டு, ஓஹையோ ஸ்டேட்டிடம் ஒன்று. இந்த வருடம் அந்த இரண்டு அணிகளையும் அவர்கள் மண்ணிலேயே சந்திக்கிறோம். அதற்கு நடுவே அக்டோபர் 4 ஃபுளோரிடா, அதுவும் வெளியூர். அடுத்த வாரமே டல்லஸில் ஓக்லஹோமா. கடைசியாக நவம்பர் 28 வெள்ளிக்கிழமை டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆஸ்டினுக்கு வருகிறது. பன்னிரண்டில் பத்து வெற்றி என்பது என் கணக்கு. பிளே ஆஃபுக்கு அது பெரும்பாலும் போதும்.

சென்னையிலிருந்து கேட்கிறேன் சார். ஆட்டம் இந்திய நேரம் எத்தனை மணிக்கு?

சனி இரவு 9:30. கொலம்பஸில் நண்பகல், இங்கே ஆஸ்டினில் காலை 11. இங்கிருப்பவர்கள் அதற்கு முன்பே டிவி போட்டுவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் வரும் காலேஜ் கேம்டே நிகழ்ச்சியில் அதன் 90 வயது வர்ணனையாளர் லீ கோர்ஸோ விடைபெறுகிறார். 1996இல் முதன்முதலாக ஒரு அணியின் அடையாளப் பொம்மையின் தலையைத் தூக்கி மாட்டிக்கொண்டு யார் ஜெயிப்பார் என்று அவர் சொன்னது இதே கொலம்பஸில்தான். என் பிள்ளைகள் அவரைப் பார்த்தே சனிக்கிழமைகளில் வளர்ந்தார்கள்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சனிக்கிழமை யார் ஜெயிப்பார்கள்?

சரி. 2005இல் இதே மைதானத்தில் வின்ஸ் யங் தலைமையில் 25-22 என்று வென்று, அந்த சீசனில் தேசிய சாம்பியன் ஆனோம். டெக்சஸ் கடைசியாகக் கோப்பை தூக்கியது அப்போதுதான். அந்த இரவு நண்பர் வீட்டில் நம் வீரர் லிமஸ் ஸ்வீட் எண்ட் சோனில் பந்தைப் பிடித்ததைப் பார்த்தபோதுதான் நான் இந்த அணியின் ஆள் ஆனேன். அதனால் என் மனசு எதைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் கணக்கு என்று கேட்டால், இரண்டு புதிய குவார்ட்டர்பேக்குகள், இரண்டு பக்கமும் வலுவான டிஃபென்ஸ். புள்ளிகள் குறைவாகவே இருக்கும், இருபதைத் தொடும் அணி ஜெயிக்கும். சொந்த மைதானம் என்பதால் ஓஹையோ ஸ்டேட் பக்கம் மயிரிழை சாய்கிறது. அதை மாற்றக்கூடியது ஒன்றுதான்: மூன்றாவது வாய்ப்பு, ஒரு யார்டு தேவை என்ற நிலை வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள். கூஸ்பியையும் கேம்ப்பெல்லையும் பாருங்கள். அவர்கள் முன்னால் நகர்ந்தால் நாம் ஜெயிப்போம்.