டிவிக்கு முன்னால் எர்த்: பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டுக்குச் சில யோசனைகள்

கேள்வி: கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீடு. சென்னையிலிருந்து, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் விசேஷங்களுக்கும் மட்டும் போய்த் திறக்கிறோம். சித்திரையில் பேரனுக்குக் காதுகுத்து. 55 இஞ்ச் டிவியும் ஹோம் தியேட்டரும் வாங்கிப் பட்டாலை என்கிற கூடத்துச் சுவரில் மாட்டலாம் என்று இருக்கிறோம். அங்கே ஏற்கெனவே இருக்கிற பழைய ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் சுள்ளென்கிறது. வேலைக்கு வந்தவர், "பிளக்கில் மூன்றாவது பின்னை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் ஆச்சி. அந்தப் பின்னை எடுப்பதால் சுள்ளென்பது போகாது. மரப்பட்டியில் கிளிப் அடித்து இழுத்த பழைய வயரிங் என்றால் கரண்ட்டைக் கொண்டுவரும் பேஸ், திரும்ப எடுத்துப்போகும் நியூட்ரல் என்று இரண்டு கம்பிதான் இருக்கும். கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியே பெரும்பாலும் இருக்காது. பின் இருந்தும் அது போய்ச் சேர இடமில்லை. கோளாறு அங்கேதான்.

சுள்ளென்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இப்போதைய டிவி, ஹோம் தியேட்டர்களின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாதபோது அவற்றின் வழியே மிகச் சிறிய கரண்ட் வெளி இரும்புக்குக் கசியும். கையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், ஆளைக் கொல்லாது. உங்களுடையதோ பழைய ஆம்ப்ளிஃபயர். அதில் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் தேய்ந்து, முழு 230 வோல்ட்டும் பெட்டிக்கு வந்துகொண்டிருக்கலாம். காலில் செருப்பு இருந்திருந்தால் இதுவரை லேசாகத்தான் தெரிந்திருக்கும். இரண்டில் எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, டெஸ்டர் இரண்டுக்கும் எரியும். அதனால் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, இன்சுலேஷன் சோதிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அதுவரை அதில் மைக் மாட்டிப் பாட யாரையும் விடாதீர்கள். விசேஷ வீட்டில் எனக்குப் பெரிய பயம் இதுதான். மைக்கின் இரும்பு உடம்பு, வயரின் மேல்வலை வழியாக ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும். பெட்டிக்கு வந்த கரண்ட் மைக்குக்கும் வரும். பாடுகிறவர் அதை இறுகப் பிடித்து உதட்டருகே வைத்திருப்பார். வெறுங்காலோடு, கழுவிவிட்ட வளவு முற்றத்தின் ஈரத் தரையில் நிற்பார். கரண்ட் இழுத்தால் கை தானாக மூடிக்கொள்ளும், மைக்கை விட முடியாது.

ஆக, டிவிக்கு முன்னால் எர்த் குழி. நம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல்லாகிவிடும், கரண்ட்டை எளிதில் உள்ளே விடாது. கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்தாலும் மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் ஈரம் போய்விடும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எர்த் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. குழி வெட்டச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்கு இழுத்துவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. டெஸ்டர் எரியாது, எல்லாம் சரி என்று தோன்றும். என்றாவது நியூட்ரல் விட்டுப்போனால் அந்தச் சாக்கெட்டில் மாட்டிய ஒவ்வொரு பெட்டியும் ஷாக் அடிக்கும். இதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது லைன். டிவியும் ஹோம் தியேட்டரும் சேர்ந்து இழுப்பது சில நூறு வாட்தான், பழைய வயருக்கு அது பாரமே இல்லை. ஆனால் விசேஷத்தன்று அதே வயரில் இரண்டாங்கட்டுக் கிரைண்டரும் ஃபேன்களும் ஓடும். ரப்பர் உறை உதிர்ந்த வயர் அந்தச் சூட்டைத் தாங்காது. மீட்டர் போர்டிலிருந்து பட்டாலைக்கு மட்டும் எர்த்தோடு தனி லைன் இழுத்து, அதற்கு, லோடு மிஞ்சினால் விழும் ஒரு எம்சிபியும், கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். சுவரைக் குடைய வேண்டாம், உத்தரத்தை ஒட்டிப் பைப்பில் போகட்டும். ஆர்சிசிபியைப் பழைய வயரிங் முழுவதற்கும் போட்டால் அங்கங்கே இருக்கிற கசிவுக்கெல்லாம் விழுந்துகொண்டே இருக்கும். சலித்துப்போய் யாராவது அதை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடுவார்கள். போகும்போதெல்லாம் அதன் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

சுவரில் மாட்டுவது உங்கள் விருப்பம், நானாக இருந்தால் மாட்ட மாட்டேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்கு. பார்க்கக் கண்ணாடி, ஆனால் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கிற செங்கல்தான். சுவர்த் துளையில் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கும் திருகும் பூச்சிலேயே நின்றுவிடும், ஒருநாள் பாளமாகப் பெயர்த்துக்கொண்டு டிவி கீழே வரும். மாட்டியே தீர வேண்டுமென்றால், டிரில் மெஷினில் ஹாமரைப் போடாமல் துளையிட்டு, செங்கல்லுக்குள் நன்றாக இறங்குகிற நீளப் போல்ட்டாகப் போடுங்கள். இல்லையென்றால் கனமான தேக்குப் பெட்டி ஒன்றின்மேல் வைத்து, பின்னால் நாடா போட்டுச் சுவரோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். காதுகுத்துக்கு வரும் பிள்ளைகள் டிவியைப் பிடித்துத் தொங்காமல் இருக்கப் போவதில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு மேலேயும் பக்கத்திலும் நான்கு விரல் அகலமாவது காற்றுக்கு விடுங்கள். துணி போர்த்துவது, மேலே விளக்கோ பூச்சாடியோ வைப்பது கூடாது.

கோடையில் சாயங்காலம் இடி இறங்குகிற ஊர் அது. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் வழியாகவும் மின்னல் கரண்ட் உள்ளே வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வானம் கறுக்கும்போதே பிளக், டிஷ் கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் கேபிளைத் தொடாதீர்கள். கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கும் ஸ்பைக் கார்டு இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். எர்த் இல்லாத வீட்டில் அது பாதி வேலைதான் செய்யும். பக்கத்தில் விழுந்த இடிக்கு எர்த் இருந்தாலும் போதாது.

நீங்கள் கேட்காத ஒன்று. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் வாங்கிய வால்வு ரேடியோ முகப்பில் இருந்தால் அழகுக்கு மட்டும் இருக்கட்டும். அந்தக் காலத்துச் சில மாடல்களில் உள் சட்டமே நேரடியாக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். திருகு ஒன்று வெளியே தெரிந்தாலும் அதில் கரண்ட் இருக்கலாம்.

வீட்டைப் பூட்டும்போது ரிமோட்டில் ஆஃப் செய்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி, ரிமோட் பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த படைப்புக்குள் கசிந்து துருப்பிடித்துவிடும். திரும்ப வந்ததும் சுவிட்ச் போடும் முன் டார்ச் அடித்துப் பின்பக்க வயர்களைப் பாருங்கள். ஆள் இல்லாத வீட்டில் எலிக்கு வயர் என்றால் கொள்ளை ஆசை.