தோற்ற மறுநாள்

அன்புள்ள ஐயா,

கோபிச்செட்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். ஒன்பது ஆண்டுகளாக வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்த பிறகு ரக்பி ஆட்டத்தில் பெரும் பற்று உண்டாகிவிட்டது. வேல்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட், தொடர்ந்து 14 ஆட்டங்களில் தோற்ற பிறகுதான் 2025 பிப்ரவரியில் விலகினார். அதுவரை பொறுத்திருந்ததே குற்றம், ஐந்தாவது தோல்வியிலேயே அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பயிற்சியாளர் என்றால் வெற்றி, அவ்வளவுதானே? இப்போது வேல்ஸ்காரரான ஸ்டீவ் டேன்டியை அமர்த்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட அணிகளுக்கு மண்ணின் மைந்தரைத் தேர்வது நல்லதா, வெளிநாட்டவரைத் தேர்வது நல்லதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நம் பக்கத்தில் ரக்பியைப் பற்றி யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

கார்டிஃபிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுவதும் நான் ஒரு மனிதரை நினைத்துக்கொண்டிருந்தேன். ரக்பிப் பந்தைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர். எங்களுக்குக் கபடி கற்றுக்கொடுத்தவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவர் நினைவில் இருந்த நேரத்தில் “ஐந்தாவது தோல்வியிலேயே அனுப்பியிருக்க வேண்டும்” என்ற உங்கள் வரியைப் படித்ததால் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கோபம் தணியட்டும் என்று நான்கு நாள் கழித்து எழுத உட்கார்ந்தேன், முழுவதும் தணியவில்லை.

நம் பக்கத்தில் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதை முதலில் தள்ளிவிடுகிறேன். 2025 ஜூனில் மும்பையில் நடந்த எழுவர் ரக்பி லீகின் முதல் பட்டத்தை வென்ற அணியின் பெயர் சென்னை புல்ஸ். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மண்ணின் மைந்தரா, வெளிநாட்டவரா என்ற கேள்வியிலும் நான் அதிக நேரம் நிற்கப்போவதில்லை. அயர்லாந்தைத் தொடர்ந்து 17 ஆட்டங்களில் வெல்லவைத்த ஆண்டி ஃபாரல் ஓர் ஆங்கிலேயர். தென்னாப்பிரிக்கா 2019-லும் 2023-லும் உலகக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர்கள் அந்த நாட்டவர்களே. இரண்டு வழியிலும் வென்றிருக்கிறார்கள், இரண்டு வழியிலும் தோற்றிருக்கிறார்கள். பிறந்த ஊரைக் கேட்பது பெண் பார்க்கப் போகிற இடத்தில் கேட்கிற கேள்வி. அணிக்கு ஆள் தேடும் இடத்தில் அதனால் பெரிய பயன் இல்லை.

கேட்க வேண்டியது வேறொன்று. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு வருகிறவரிடம் தேர்வுக் குழு அவர் வென்ற கோப்பைகளின் பட்டியலை வாங்கிப் பார்க்கிறது, துணைப் பயிற்சியாளர்களாக யாரை அழைத்து வருவீர்கள் என்று கேட்கிறது, அடுத்த உலகக் கோப்பை வரைக்குமான திட்டத்தைக் கேட்டு வாங்குகிறது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் நீங்கள் மோசமாகத் தோற்ற நாளுக்கு மறுநாள் காலையில் என்ன செய்தீர்கள், யாரிடம் முதலில் பேசினீர்கள், எந்தத் தவறை உங்களுடையது என்று ஒப்புக்கொண்டீர்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் ஒருவரை அமர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரக்பி போன்ற ஓர் ஆட்டத்தில் தோல்வி வராமல் இருக்காது. வரும்போது அந்த மனிதர் என்ன ஆவார் என்பதைத்தான் சம்பளம் கொடுத்து வாங்குகிறோம்.

என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அந்தியூர் ஆடிச் சந்தையில் மாட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே விலை பேசமாட்டார். மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கவலையில் இறைத்த காலம் அது. விற்கிறவர் தோட்டத்துக்கே போய், அந்த எருது கிணற்று வாரியின் சரிவில் நடப்பதைப் பார்ப்பார். தோல் சால் நிறையத் தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது எல்லா எருதும் நன்றாகத்தான் தெரியும். வெறும் சாலோடு பின்னங்கால் வைத்து மேலே ஏறும்போது தலையை உதறுகிறதா, மிரளுகிறதா, கயிற்றைத் தளரவிடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார்.

நீங்கள் வாழும் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் குடிபோவதற்கு முன்பு நடந்தது. 2007 உலகக் கோப்பை. செப்டம்பர் 29 அன்று உங்கள் வேல்ஸ் அணி ஃபிஜியிடம் 38-34 என்று தோற்று வெளியேறியது. தோற்ற மறுநாளே பயிற்சியாளர் காரெத் ஜென்கின்ஸை நீக்கிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 6 அன்று, கார்டிஃப் மைதானத்தில் காலிறுதியில் நியூசிலாந்து பிரான்சிடம் 20-18 என்று தோற்றது. கோப்பையை வெல்லும் என்று உலகமே எதிர்பார்த்த அணி அது. அந்த நாட்டு வரலாற்றில் அதைவிட மோசமான உலகக் கோப்பை முடிவு அதுவரை இருந்ததில்லை. ரக்பியில் கையால் பந்தை முன்னோக்கி வீசக் கூடாது; பிரான்ஸ் கடைசியாக எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ‘ட்ரை’ புள்ளிகளை எடுப்பதற்கு முன்னால் பந்து முன்னோக்கிப் போனதை நடுவர் கவனிக்கவில்லை என்று நாடே கொதித்தது. பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி மீதும் குற்றச்சாட்டுகள் நியாயமாகவே இருந்தன. அந்த ஆண்டு 22 முன்னணி ஆட்டக்காரர்களை சூப்பர் 14 என்ற லீக் தொடரின் முதல் பகுதியில் ஆடவிடாமல் உடற்பயிற்சிக்கு என்று ஒதுக்கிவைத்தவர் அவர்.

அதற்கு முந்தைய உலகக் கோப்பைகளில் தோற்ற பயிற்சியாளர் எவரையும் நியூசிலாந்து அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொண்டதில்லை. இந்த முறையும் போட்டிக்கு ராபி டீன்ஸ் இருந்தார். க்ரூசேடர்ஸ் அணியோடு பட்டம் மேல் பட்டம் வென்றவர். மக்கள் விருப்பமும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். வாரியம் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. டிசம்பரில் தோற்றவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. டீன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். 2011-இல் ஆக்லாந்தில் நடந்த அரையிறுதியில் ஹென்றியின் அணி டீன்ஸின் அணியை 20-6 என்று வென்றது. அடுத்த வாரம் அதே பிரான்சை 8-7 என்று, ஒரே ஒரு புள்ளியில் வென்று, 24 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை எடுத்தது. ஹென்றியோடு தோற்றவர்களும் உடனிருந்தார்கள்: துணைப் பயிற்சியாளர்கள் வேய்ன் ஸ்மித், ஸ்டீவ் ஹேன்சன். ஹேன்சன் பிறகு தலைமைப் பொறுப்பேற்று 2015 கோப்பையை வென்றார்.

அந்த ஒரு புள்ளி பிரான்சின் பக்கம் போயிருந்தாலும் 2007 டிசம்பரில் எடுத்த முடிவு சரியானது என்றுதான் நான் சொல்லுவேன். ஹென்றி பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். 1998 முதல் 2002 வரை உங்கள் வேல்ஸுக்கும் பயிற்சியாளராக இருந்து, டப்ளினில் 54-10 என்று தோற்றபின் பதவியை விட்டுப் போனவர். தோல்வியை ஒரு முறை சுமந்து போய், மறுபடி எழுந்து வந்த மனிதர் அவர். இரண்டாவது முறை அடி விழுந்தபோது, ‘இந்தத் தோல்வியில் கற்றது இவர் தலைக்குள் இருக்கிறது, இவரை அனுப்பினால் அதையும் சேர்த்து அனுப்பிவிடுவோம்’ என்று யோசிக்க முடிந்த ஒரு வாரியம் அங்கே இருந்தது. அதுதான் அரிது. நல்ல பயிற்சியாளர்கள் பலர் இருக்கிறார்கள்; நல்ல தேர்வுக் குழு அபூர்வம்.

ஜென்கின்ஸை அனுப்பிவிட்டு அழைத்த கேட்லண்ட் 2008-லேயே, ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்று, கிராண்ட் ஸ்லாம் எடுத்தாரே என்று நீங்கள் எழுதுவீர்கள். எடுத்தார், மூன்று முறை எடுத்தார். அந்த வெற்றிதான் வேல்ஸ் சங்கத்துக்குத் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன். தலையை மாற்றினால் உடம்பு தேறிவிடும் என்று நம்பிவிட்டார்கள். 2021-இல் ஆறு நாடுகள் பட்டத்தை வென்றுகொடுத்த வேய்ன் பிவாக், 2022 டிசம்பரில் வெளியே நின்றார். பழைய கேட்லண்டையே மறுபடி கூட்டிவந்தார்கள். அதே மாதம் இங்கிலாந்து எட்டி ஜோன்ஸை நீக்கியது. அடுத்த மாதம் ஆஸ்திரேலியா, கையிலிருந்த டேவ் ரென்னியை உலகக் கோப்பைக்கு எட்டு மாதம் இருக்கும்போது நீக்கிவிட்டு, அதே ஜோன்ஸை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஒன்பது ஆட்டத்தில் இரண்டு வெற்றி; உலகக் கோப்பையில் முதன்முறையாகக் குழுச் சுற்றிலேயே வெளியேற்றம்; ஆண்டு முடிவதற்குள் ஜோன்ஸும் போய்விட்டார். அவசரத்தில் அமர்த்தியவர்கள் யாராவது அதற்காகத் தலைகுனிந்தார்களா என்பதைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 14 தோல்விக்குப் பிறகு கேட்லண்ட் போனார். இடைக்காலப் பயிற்சியாளரோடும் தோல்வி தொடர்ந்தது. 18-ஐத் தொட்ட பிறகு, 2025 ஜூலையில் ஜப்பானில்தான் நின்றது. ஆள் மாறியும் தோல்வி நிற்கவில்லை என்றால் நோய் எங்கே என்று ஒரு நிமிடம் நீங்கள் யோசித்திருக்க வேண்டாமா? வேல்ஸின் நான்கு பிராந்திய அணிகளும் பணமில்லாமல் தவிப்பதை அங்கேயே இருந்து பார்க்கிறவர் நீங்கள். ஐந்து என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள், தம்பி? ஏன் நான்கு இல்லை, ஏன் ஒன்று இல்லை?

இவ்வளவு கடுமையாகக் கேட்பதற்குக் காரணம், அந்த ஒன்றில் என் கையெழுத்து இருக்கிறது. 1983-இல் கோவையில் நான் படித்த கல்லூரியின் கபடி அணிக்கு நான் தலைவன். வாத்தியார் என்று நாங்கள் அழைத்த அந்த மனிதர் எட்டு ஆண்டுகளாக அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடிப் போவதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பிடியைத்தான் கற்க வேண்டும் என்பார். சேலத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றோம். திரும்பி வரும் பேருந்தில் அவர் ஒவ்வொருவன் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, அவன் செய்த ஒரு நல்ல காரியத்தையும் ஒரு தவறையும் சொன்னார். என் இடது முழங்கால் வீங்கியிருந்தது. இறங்கியதும் நள்ளிரவில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டார். “கடைசிப் பிடிக்கு உன்ன முன்னால நிக்கச் சொன்னது என்ற தப்பு கண்ணு” என்றார்.

மறுநாள் காலை நிர்வாகத்தினர் என்னை அழைத்தார்கள். அணிக்கு அவர்மீது நம்பிக்கை இல்லை என்று ஒரு தாள் தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதைப் பார்த்து மற்ற ஆறு பேரும் போட்டார்கள். அந்தத் தாளை அவரிடம் காட்டித்தான் அனுப்பினார்கள். புதிதாக வந்தவர் பேர்பெற்ற ஆட்டக்காரர், கோப்பைகள் நிறைய வைத்திருந்தார். அடுத்த ஆண்டு ஓர் ஆட்டத்தில் தோற்றபோது அவர் எங்களோடு பேருந்தில் ஏறவில்லை. பல ஆண்டுகள் கழித்து கோபி பேருந்து நிலையத்தில் வாத்தியாரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் கேட்டது, “முழங்காலு இப்ப எப்படி இருக்குது கண்ணு?” என்பதுதான். மழைக்காலத்தில் வலிக்கிறது என்று சொன்னேன். வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் டேன்டியைப் பற்றி எனக்கு நம்பிக்கை உண்டு. அவர் வேல்ஸ்காரர் என்பதற்காக அல்ல. வேல்ஸின் பிராந்திய அணிகளில் ஒன்றான ஆஸ்ப்ரேஸுக்கு 2012-இல் பட்டம் வென்றுகொடுத்தார். 2018-இல் அதே அணி அவரை நீக்கியது. பிறகு சிட்னிக்கும் ஸ்காட்லாந்துக்கும் போய், தலைமைப் பதவி இல்லாமல் தற்காப்பு ஆட்டத்தை மட்டும் கற்றுக்கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அடுத்த முறை வேல்ஸ் தோற்றால் எனக்கு எழுதுங்கள். புள்ளிக் கணக்கு நாளிதழில் வந்துவிடும், அது வேண்டாம். மறுநாள் அவர் என்ன சொன்னார், யார்மீது பழி போட்டார், அல்லது போடவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.