ஆசிரியர்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம்தானே வேலை பார்க்கிறார்கள், பிறகு ஏன் வேலைப்பளு என்று போராடுகிறார்கள்?

பதினோரு வருஷம் தமிழாசிரியையாக இருந்துவிட்டு வேறு வேலைக்கு வந்தவள் நான். மணி அடித்து மணி அடிக்கும் வரை உள்ள நேரத்தை மட்டும் எண்ணினால் நீங்கள் சொல்வது சரிதான். சண்டையே மற்ற நேரத்தைப் பற்றித்தான்.

எனக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு நாற்பது பேர். ஒரு தேர்வு முடிந்தால் 160 விடைத்தாள். தாளுக்கு ஆறு நிமிஷம் என்றாலே 16 மணி நேரம். ஆறு நிமிஷத்தில் கட்டுரையைப் படித்து, பிழையைச் சுழித்து, மார்க்கைக் கூட்டி, பட்டியலில் ஏற்றிப் பாருங்கள், தெரியும். ஃப்ரீ பீரியட் இருக்குமே என்பீர்கள். யாராவது லீவு போட்டால், அவர் வகுப்பை நீ பார் என்று காலையில் சப்ஸ்டிட்யூஷன் நோட்டு வரும். கையெழுத்துப் போட்டதோடு அதுவும் போச்சு. ஆக, கட்டு வீட்டுக்கு வரும். ஒருமுறை தண்ணீர் சொம்பு சாய்ந்து பதினைந்து தாள் நனைந்துவிட்டது. மின்விசிறிக்குக் கீழே தரையில் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்பூனை வைத்துக் காயவிட்டேன். மணி இரவு ஒன்று. அந்த இரவு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த நேரத்தை எண்ணத் தயங்கும். எண்ணினால் காசு கொடுக்க வேண்டுமே! ஜப்பானைப் பாருங்கள். பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓவர்டைம் கிடையாது, அதற்குப் பதில் அடிப்படைச் சம்பளத்தில் 4 சதவீதம் என்று 1971இல் சட்டம் போட்டார்கள். 1966இல் எடுத்த கணக்கெடுப்பில் கூடுதல் வேலை மாதத்துக்குச் சுமார் 8 மணி நேரம் என்று வந்தது. அதை வைத்து எடுத்த சதவீதம் அது. 2018இல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு ஆய்வு செய்தபோது அங்கே நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 56 மணி நேரம், அதில் பாடம் நடத்தியது 18தான். அப்போதும் அதே 4 சதவீதம். 2025இல்தான் படிப்படியாக 10 ஆக்குவது என்று திருத்தினார்கள்.

இங்கிலாந்தில் ஆசிரியர் பணி விதிகளைச் சொல்லும் அரசு ஆவணத்தில் கறாராக எண் போட்டிருக்கிறார்கள்: வருஷத்துக்கு 195 நாள், 1265 மணி நேரம். அதே ஆவணத்தில், கடமையை முடிக்கத் தேவைப்படும் 'நியாயமான' கூடுதல் நேரமும் உழைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம், தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து என்கிறது. தயாரிப்பும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். ஆனால் அந்த 45இல் தயாரிப்புக்கு எத்தனை என்று பிரிக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்விசாராப் பணி கொடுக்கக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. அந்த மூன்றுமே சின்ன வேலையா என்ன!

எங்கள் பக்கமும் ஓட்டை உண்டு. எல்லா ஆசிரியரும் ஒரே அளவு உழைப்பதில்லை. பழுப்பேறிய பழைய நோட்ஸை வைத்தே ஓய்வு பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். பாடத்துக்குப் பாடமும் வேலை மாறும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2003 முதல் பாடத்தைப் பொறுத்து ஒரு பீரியடுக்கு வேறு வேறு எடை போட்டு நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். திருத்தும் வேலை அதிகமுள்ள பாடத்துக்கு எடை அதிகம். எனக்கு இது நியாயமாகப் பட்டது. ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் சொன்னேன். உடற்கல்வி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விளையாட்டு விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கிரவுண்டுல நிக்கிறது யாரு டீச்சர்?"

அவர் கேட்டதும் நியாயம்தான். நான் பதில் யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.