ஆடி மாசம் பந்து ஏன் பாக்கெட்டுக்குள் போகமாட்டேன் என்கிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பார்லரில் ஒரு வருஷமாகப் பூல் ஆடுகிறாராம், கியூ என்கிற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளுகிற ஆட்டம். அந்தக் காலத்தில் மும்பையில் பில்லியர்ட்ஸ் மேசையில் பழகிய தாய்மாமா, "நல்லா இழுத்து அடி, கியூவை முன்னால போக விடு" என்கிறார். யூடியூபில் ஆடுகிறவர்களோ தொட்டதே தெரியாமல் அடிக்கிறார்கள். இரண்டையும் முயன்று பார்த்தாயிற்று, மே மாசம் சமர்த்தாக விழுந்த பந்து இப்போது ஆடியில் பாக்கெட் வாயில் இடித்துக்கொண்டு வெளியே வருகிறது. யார் பேச்சைக் கேட்பது, புதுசாகக் கார்பன் கியூ வாங்கிவிடலாமா என்கிறார்.

கியூவுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மாமா.

மாமா சொல்வது அவர் ஆடிய மேசைக்கு முழுக்கச் சரி. அதில் விரித்திருந்தது மேலே மென்ரோமம் எழும்பிய கம்பளித் துணி, ஸ்னூக்கர் மேசையில் இன்றைக்கும் அதே வகைதான், ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கையைப் பிடிக்கும். அதில் பந்து சீக்கிரம் சோர்ந்துவிடும். வெள்ளையைக் கீழ்ப்பக்கம் அடித்துப் பின்னால் வரவைக்கிற ஸ்க்ரூ போட்டால் அதன் பின்சுழற்சி பாதி வழியிலேயே துணியில் தேய்ந்து தீர்ந்துவிடும், ஆகவே இன்னும் கீழே, இன்னும் வேகமாக அடித்தாக வேண்டும். ஈரம் ஏறினால் இன்னும் மோசம். பெரிய போட்டிகளில் துணிக்குக் கீழே இருக்கிற மேசைக் கல்லுக்கு அடியில் ஹீட்டர் வைப்பதே அதனால்தான். (ஸ்னூக்கருக்கு விதி எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில், 1882-ல். அந்தக் குளிரிலும் ஈரத்திலும் பந்து எப்படித்தான் ஓடியதோ!)

யூடியூபில் பார்க்கிறீர்களே, அது சைமோனிஸ் 860 மாதிரி ரோமமே இல்லாமல் இறுக்கி நெய்த துணி, ஏசி அறை, ஆட்டத்துக்கு ஆட்டம் துடைத்த பீனாலிக் (கெட்டியான பிளாஸ்டிக்) பந்து. அங்கே மாமா மாதிரி அடித்தால் வெள்ளை மூன்று குஷனை (மேசை ஓரத்து ரப்பர் தடுப்பு) சுற்றிவந்து எதிர் பாக்கெட்டில் விழுந்துவிடும். துணி வேகமானதும் கை தானாகச் சுருங்கியது, அவ்வளவுதான். அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர்கள் வில்லி மஸ்கோனி 1954-ல் விடாமல் 526 பந்து போட்டதையும், ஜான் ஷ்மிட் 2019-ல் 626 போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. முன்னவருடையது 8 அடி மேசை, பின்னவருடையது 9 அடி, துணியும் பந்தும் வேறு. எதை எதோடு ஒப்பிடுவது?

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். வெள்ளை ஒரு பந்தைச் சாய்வாகத் தொடும்போது இரண்டு பரப்பும் உரசுகின்றன இல்லையா, அந்த உரசலில் பந்து நீங்கள் குறிவைத்த கோட்டை விட்டு வெள்ளை போகும் பக்கமாகக் கொஞ்சம் இழுபடும். அரைப்பந்து வெட்டில் (வெள்ளை மற்றப் பந்தின் பாதியை மட்டும் மறைத்துத் தொடுகிற அடி), மெதுவாக, ஸ்டன்னாக (முன்சுழற்சியும் பின்சுழற்சியும் இல்லாமல்) அடித்தால் இந்த இழுப்பு மிக அதிகம்: ஓர் அடி தூரத்துக்கு ஓர் அங்குலம் வரைகூடப் போகும். பந்து 2.25 அங்குலம், போட்டி மேசையில் மூலை பாக்கெட்டின் வாய் சுமார் 4.5 அங்குலம், அதாவது பந்தின் நடுப்புள்ளி இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் விலகலாம். மூன்றடி தள்ளியிருக்கும் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வாயில் இடிக்காமல் என்ன செய்யும்?

பந்து பளபளவென்று இருந்தால் இழுப்பு குறையும், அழுக்கானால் கூடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது திறந்த ஜன்னல் வழியாகப் புழுதி வராமலா இருக்கும்? அதோடு கியூ நுனியில் தேய்க்கிற சாக் பொடி, வியர்வைக் கை, கியூ வழுக்கி ஓடக் கைக்குப் போடுகிற முகப்பவுடர். உங்கள் மேசைக் குஷன் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடம் இருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்த்த பார்லர்களில் பாதிக்கு மேல் இருக்கிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து சாரல் காற்று வரும் நாளில் துணியும் ஈரத்தைக் குடிக்கும், பந்து மந்தமாகும், குஷனில் பட்டுத் திரும்பும்போதும் துணி பிடித்துக்கொள்வதால் கோணம் சுருங்கும்.

ஒரு காரியம் செய்யுங்கள். பார்லர் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, கூட்டம் வருவதற்கு முன்னால் போய், பந்து வைக்கிற இடம் மாறாமலிருக்கத் துணியில் சாக்கால் சின்னதாக இரண்டு புள்ளி வைத்து ஒரே அரைப்பந்து வெட்டை மெதுவாகப் பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். அப்புறம் வெள்ளையையும் அந்தப் பந்தையும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய பனியன் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு அதே பத்தை அடியுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கையோடு இரண்டு பந்தையும் ஒட்டவைத்து மேலே ஒரு ஸ்கேலை வையுங்கள். பழைய வெள்ளை உடைந்து வேறு செட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் ஸ்கேல் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் ஸ்க்ரூ சரியாக வராது, அதற்காகக் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கழுவ விடாத இடமானால், வெட்டுப் பந்தை இன்னும் கொஞ்சம் மெல்லிசாகக் குறிவையுங்கள், அல்லது வேகத்தை ஒரு படி கூட்டுங்கள், வேகம் கூடினால் இழுப்பு குறையும். மாமா சொன்ன அடி இந்த இடத்தில் உதவும். பந்தை வலப்பக்கம் வெட்டும்போது வெள்ளையின் இடப்பக்கத்தில் லேசாகத் தொட்டு அடித்தாலும் உரசல் தீரும், ஆனால் இப்படிப் பக்கவாட்டில் அடித்து சைடு போட்டால் வெள்ளையே எதிர்ப்பக்கம் நகர்ந்து கிளம்பும், கை நிலைப்படாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

கார்பன் கியூ குறைப்பது இந்த நகர்வைத்தான், ஏனென்றால் அதன் முன்முனை எடை குறைவு. பந்து அழுக்குக்கு அது ஒன்றும் செய்யாது தம்பி. இப்போதைக்கு நல்ல டிப் (நுனித் தோல்) வைத்த சாதாரண மரக் கியூ ஒன்றும், பவுடருக்குப் பதிலாக ஒரு கையுறையும் போதும்.