தோப்பில் முளைக்கும் புற்றுக்காளானை நம்பிச் சமைக்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஐப்பசி மழை விட்டதும் கறையான் புற்றை ஒட்டி வெள்ளைக் காளான் கூட்டமாக முளைக்கிறது. மாமியார் இருந்தவரை அவரே பார்த்துப் பறித்துக் குழம்பு வைப்பார். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. வேகும்போது வெள்ளிக் காசைப் போட்டால் விஷம் இருந்தால் கறுத்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா? எப்படி அடையாளம் காண்பது, எப்படிச் சமைப்பது? இதை வீட்டிலேயே வளர்க்க முடியுமா?

பதில்: வெள்ளிக் காசை நம்பவே நம்பாதீர்கள். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால்தான். ஆளைக் கொல்லும் காளான்களில் இருக்கும் அமடாக்சின் என்ற நஞ்சு வெள்ளியை ஒன்றும் செய்யாது. பூண்டு நிறம் மாறும், அரிசி சிவக்கும், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்று சொல்வதெல்லாமும் இதே கணக்குத்தான். நத்தையும் புழுவும் விஷக்காளானைத் தின்றுவிட்டு நன்றாகவே ஊர்ந்து போகும். மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்து நீரை வடித்தாலும், வெயிலில் காயவைத்தாலும், ஃப்ரீசரில் உறையவைத்தாலும் அமடாக்சின் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

அதனால் சமையலறையில் செய்யும் சோதனை எதுவும் வேண்டாம். எல்லாக் காளானையும் தெரிந்துகொள்ள ஆசைப்படவும் வேண்டாம். புற்றுக்காளான் ஒன்றை மட்டும் வேரிலிருந்து நுனிவரை தெரிந்துகொள்ளுங்கள். மற்றதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். உங்கள் மாமியாரைப் போன்றவர்கள் செய்ததும் இதுதான்.

முதலில் ஒரு காளானைப் பறிக்காமல் தோண்டி எடுங்கள். ஒரு குச்சியால் அதன் பக்கத்து மண்ணை மெல்ல விலக்கிக்கொண்டே போனால், தண்டு மண்ணுக்குள் முடியாமல் கூம்பி மெலிந்து வேர்போல நீண்டுகொண்டே போவதைப் பார்ப்பீர்கள். ஒரு சாண் போகும், சில சமயம் முழம்கூடப் போகும். அடியில் இருப்பது கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். செத்தையையும் மரத்தூளையும் மென்று கறையான் அங்கே தேன்கூடு மாதிரி அடுக்கி வைக்கிறது. அதில் வளரும் பூஞ்சை அதற்கு உணவைப் பதமாக்கித் தருகிறது. மழை இறங்கியதும் அதே பூஞ்சை மேலே குடை விரிக்கிறது. இந்த நீண்ட வேர்தான் முக்கியமான அடையாளம். இழுத்துப் பிடுங்கினால் அது அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கூடவே, அடியில் பை இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லாமல் போகும்.

அந்தப் பைதான் ஆபத்து. அமனிட்டா இனத்தின் கொடிய காளான்களுக்குத் தண்டின் அடியில் முட்டை ஓடு கிழிந்தது போன்ற ஒரு வெள்ளை உறை இருக்கும், அதுவும் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருக்கும். அதைக் கண்டால் அந்த இடத்தில் முளைத்த எதையும் எடுக்காதீர்கள்.

வேரைப் பார்த்தபின் குடையைப் பாருங்கள். புற்றுக்காளானின் குடை நடுவில் கூரான முனை இருக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு வர அது கெட்டியாக, நிறம் சற்று அடர்ந்து இருக்கும். விரிந்தபிறகும் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். அடிப்பக்கச் செவுள்கள், அதாவது மெல்லிய தகடு போன்ற மடிப்புகள், நெருக்கமாக, வெள்ளையாக இருந்து, முற்ற முற்ற இளஞ்சிவப்புச் சாயல் கொள்ளும். அவை தண்டைத் தொட்டு ஒட்டியிருக்காது. தண்டு உள்ளே பொள்ளலாக இல்லாமல் நாராகக் கிழியும். தண்டில் வளையம் இருக்கும் புற்றுக்காளான் வகையும் உண்டு. ஆனால் புதிதாகப் பழகும் நீங்கள் வளையம் கண்டதை எல்லாம் விட்டுவிடுவது நல்லது. காரணம், நம் ஊரில் அதிகம் பேரை வாந்தியிலும் பேதியிலும் தள்ளும் காளானுக்கும் வளையம் உண்டு. மழைக்குப் பின் புல்தரையிலும் சாணமண்ணிலும் பெரிய தட்டு அகலத்துக்கு விரியும் அது. வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில்கள் சிதறியிருக்கும். முற்றினால் செவுள் பச்சையாகும். இளசாக இருக்கும்போது வெள்ளையாகவே இருப்பதால்தான் ஏமாறுகிறார்கள்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி வித்துப்பதிவு. முற்றிய ஒரு குடையைத் தண்டிலிருந்து நறுக்கி, பாதி வெள்ளை பாதி கறுப்பாக ஒட்டிய காகிதத்தில் செவுள் கீழே இருக்கும்படி வைத்துக் கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். பச்சை என்றால் மேலே சொன்ன காளான். தூய வெள்ளை என்றால் அமனிட்டாவாக இருக்கக்கூடும். துரு நிறமோ கறுப்போ என்றாலும் வேண்டாம். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு கலந்த வெளிறிய நிறம் வரும். ஆனால் அதே நிறம் தரும் விஷக்காளான்களும் உண்டு. ஆகவே பதிவு தப்பானதைக் கழிக்க மட்டும்தான் உதவும். சரியானது என்று சொல்ல வேரும் முனையும் செவுளும் எல்லாம் சேர்ந்து ஒத்துவர வேண்டும். முதல் இரண்டு மூன்று பருவத்துக்கு ஊரில் வழக்கமாகப் பறிக்கும் பெரியவர் ஒருவரைத் தோப்புக்கே அழைத்து வந்து காட்டுங்கள். செல்போனில் படம் எடுத்துக் கேட்டு வரும் பதிலை வைத்துச் சமைக்காதீர்கள். படத்தில் வேர் தெரியாது.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் ஓக் மரத்தடியில் முளைக்கும் கொலைகார அமனிட்டா, மொட்டாக இருக்கும்போது நம் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். ஆசியாவிலிருந்து போனவர்கள் அப்படி ஏமாந்து இறந்திருக்கிறார்கள். ஊரில் கற்ற அடையாளம் ஊரோடு சரி.

உங்கள் தோப்பைப் பற்றி இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள். கறையானுக்கு அந்தப் புற்றிலோ தென்னைத் தூரிலோ குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து ஊற்றியிருக்கிறீர்களா? ஊற்றியிருந்தால் அங்கே வரும் காளான் எவ்வளவு நல்ல இனமாக இருந்தாலும் வேண்டாம். சாக்கடை ஓரம், நெடுஞ்சாலை ஓரம் முளைப்பதும் அப்படித்தான். காளான் மண்ணிலுள்ள கன உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும்.

சமையலுக்கு வருவோம். காலையில் எடுத்ததை மதியத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். கூடையோ துணிப்பையோ போதும். மொட்டும் பாதி விரிந்ததும்தான் ருசி. முழுதாக மலர்ந்து ஓரம் கிழிந்ததில் புழு இருக்கும். வேர்ப்பகுதியைக் கத்தியால் சுரண்டி, மேல்தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசுங்கள். இது புழு வெளியேறவும் மண் போகவும்தான். குடையை நறுக்கலாம், தண்டைக் கையால் நார் நாராகக் கிழித்தால்தான் கோழிக்கறி பதம் வரும்.

நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வதங்கியதும் காளானைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுவே நிறைய விடும். அந்த நீரில் இருபது நிமிடமாவது வேகட்டும். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடக் கூடாது. பிறகு வறுத்து அரைத்த மல்லி, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய். கரம் மசாலாவும் பட்டை கிராம்பும் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. புற்றுக்காளானின் மண்மணத்தை அவை முழுங்கிவிடும். புளியும் போடாமல் செய்து பாருங்கள்.

முதல்முறை பெரியவர்கள் மட்டும், அதுவும் ஓரிரு கரண்டி சாப்பிடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். சமைக்காத காளான் ஒன்றை வேரோடு காகிதத்தில் சுற்றி இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவர் பார்க்க அது வேண்டும். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்தால் பெரும்பாலும் குடலோடு போய்விடும். ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோ தொடங்கும் வாந்தி பேதிதான் கல்லீரலைத் தாக்கும் நஞ்சின் குணம். அது இரண்டாம் நாள் தணிந்து, ஆள் தேறியது போலத் தெரியும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தேறிவிட்டார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். எப்போது தொடங்கியிருந்தாலும் 108-ஐ அழைத்து, எடுத்து வைத்த காளானோடு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உடன் சாப்பிட்ட மற்றவர்களும், ஒன்றும் இல்லையென்றாலும், போக வேண்டும்.

வீட்டில் வளர்க்க முடியுமா என்றால், முடியாது. கறையான் இல்லாமல் இந்தப் பூஞ்சையை விளைவிக்கும் முறை வணிக அளவில் இன்னும் இல்லை. புற்றை இடிக்காமலும் மருந்து ஊற்றாமலும் விட்டால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் வரும், அதுதான் உங்களுக்கு விளைச்சல். வளர்த்துப் பார்க்கும் ஆசை இருந்தால் பால்காளானைத் தொடங்குங்கள். நம் வெயிலைத் தாங்கும் ஏபிகே 2 என்ற ரகம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினுடையது. வைக்கோலும் நிழலான ஒரு குடிசையும் இருந்தால் போதும். உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தில் விதைப் புட்டிக்கும் பயிற்சிக்கும் கேளுங்கள்.